பெண்களுக்கும் குடலிறக்கம் வரும்

குடலிறக்கம் என்றால் பாரம் தூக்கும் ஆண்களின் வருத்தம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். தொடையிடுக்கில் வரும் குடலிறக்கம் ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் பெண்களுக்கு வரும்போது அது எளிதில் கண்ணில் படுவதில்லை; ஆபத்தும் கூடுதல்.

வயிற்றுச் சுவரின் தசை பலவீனமான இடத்தில் விலக, கொழுப்போ குடலோ அதன்வழியே வெளித்தள்ளுவதே குடலிறக்கம். அடுத்தடுத்த பிரசவங்கள், வயிற்றுச் சத்திரசிகிச்சை, உடற்பருமன், தீராத இருமல், மலச்சிக்கல் ஆகியவை இதற்கு வழிவிடும். தொப்புளிலும் சிசேரியன் தழும்பிலும் வருவது இருமும்போது புடைத்து, படுத்தால் அடங்கும்.

தொடையின் மேற்பகுதியில், மடிப்புக்குச் சற்றுக் கீழே இறங்கும் வகை ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். வயதான பெண்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வீக்கம் நெல்லிக்காயளவே இருக்கலாம். நெறி கட்டியிருக்கிறது என்று விட்டுவிடுவோர் உண்டு. சிலருக்கு வீக்கமே தெரியாது. நெடுநேரம் நின்றால், குடம் தூக்கினால், இருமினால் தொடையிடுக்கில் இழுப்பதுபோன்ற வலியோ எரிவோ மட்டும் இருக்கும். அதைக் கர்ப்பப்பை, சூலகம், சிறுநீர்ப்பாதைக் கோளாறு என்று எண்ணி மாதக்கணக்கில் அலைவதும் நடக்கிறது. வைத்தியர் நிற்க வைத்து, இருமச் சொல்லிப் பார்ப்பார். தேவையென்றால் ஸ்கேன் எடுப்பார்.

இந்த வகை இறங்கும் வழி ஒடுக்கமானது. அதில் குடல் நெரிபட்டால் இரத்த ஓட்டம் நின்று அழுகிவிடும். அதனால்தான் பெண்களின் தொடையிடுக்குக் குடலிறக்கத்தைத் தாமதிக்காமல் சத்திரசிகிச்சையால் சரிசெய்யும்படி 2018இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டல் கூறுகிறது.

மறைப்பதன் விலை பெரிது. இங்கிலாந்தின் அரசி கரோலின், 1724இல் கடைசிப் பிள்ளையைப் பெற்றபின் வந்த தொப்புள் குடலிறக்கத்தைப் பல ஆண்டுகள் வைத்தியர்களிடம் சொல்லாமல் மறைத்தார். 1737 நவம்பரில் குடல் நெரிபட்டு இறந்தார். அன்று அரண்மனையிலும் பாதுகாப்பான சத்திரசிகிச்சை இல்லை. இன்று நம் அரசாங்க வைத்தியசாலைகளில் அது இலவசம்.

வீக்கம் திடீரெனக் கல்லாகி உள்ளே போக மறுத்தால், தோல் சிவந்து வலி கடுமையானால், வாந்தி வந்தால், மலமும் காற்றும் போகாவிட்டால் அது அவசரநிலை. அழுத்தித் தள்ளவோ எண்ணெய் தடவவோ கூடாது. எதுவும் உண்ணவும் வேண்டாம். கோமாரி போன்ற நம் ஊர்களில் இருப்பவர்கள் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும்.

அவசரம் இல்லாத வேளையில் பொத்துவில் அல்லது அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையில் காட்டலாம். சொல்லக் கூச்சமாக இருந்தால் முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள். தாய்மாரே, சகோதரிகளே, வலியைப் பொறுப்பதைக் கடமையாக எண்ணாதீர்கள். வீக்கமோ விடாத வலியோ இருந்தால் இந்த வாரமே காட்டுங்கள்.