1881-க்கு முன்பே தங்கம் அகப்பட்டிருந்தால்?

சுவீடன் நாட்டு பாரடாக்ஸ் கம்பெனியின் 'விக்டோரியா', 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்' போன்ற கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் ஆடுபவர் ஒரு நாட்டையே நடத்துகிறார். நடுநடுவே திரையில் ஓர் ஓலை வரும். பக்கத்து நாடு நிலம் கேட்கிறது. கொடுப்பதா, மறுப்பதா, பேரம் பேசுவதா? எதைத் தொடுகிறாரோ அதன்படி சரித்திரம் திசை மாறும். இந்த ஓலைகளை எழுதுவது தனித் தொழில். அதைப் பழக விரும்பும் இளைஞருக்குக் கோலார் தங்கவயலே நல்ல பாடம்.

1831-ல் மைசூர் நிர்வாகத்தை எடுத்துக்கொண்ட வெள்ளையர், 1881 மார்ச் 25-ந் தேதி அதைச் சாமராஜ உடையாரிடம் திருப்பித் தந்தனர். ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது 1880-ல். முதலில் நஷ்டம்தான். சாம்பியன் ரீஃப் கைகொடுத்தது ராஜ்யம் கைமாறிய பிறகே. ராயல்டியும் மைசூர் கஜானாவுக்குப் போயிற்று.

சில ஆண்டுகள் முந்தியிருந்தால்? கிளை பிரியும் இடம் இதுதான். பெங்களூர் கன்டோன்மென்ட்டை வெள்ளையர் 1947 வரை விடவில்லையே! அதுபோலத் தங்கவயலையும் கேட்டிருக்கலாம். மகாராஜா கொடுத்தால் ராயல்டி போகும். மறுத்தால் அரியணை தள்ளிப்போகும். குத்தகை என்றால் பணம் வரும். போலீசும் கோர்ட்டும் வெள்ளையரிடம் இருக்கும். இப்படி ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடுபவர் யோசிக்கவே மாட்டார்.

சரி, தங்கவயல் சென்னை ராஜதானியில் சேர்ந்தது என்று வைப்போம். 'ஆகா, தமிழ்நாடாகியிருக்கும்' என்று நம்மவர் மனம் துள்ளும். அவசரம் கூடாது. அடுத்திருக்கும் குப்பம் சென்னை ராஜதானியில்தான் இருந்தது. 1953-ல் சித்தூர் ஜில்லாவோடு ஆந்திராவுக்குப் போய்விட்டது. தங்கவயலும் கூடவே போயிருந்தால் ஆண்டர்சன்பேட்டைப் பிள்ளைகள் கன்னடத்துக்குப் பதில் தெலுங்கு படித்திருப்பார்கள். ம.பொ.சி. போராட்டத்துக்குப் பின் 1960-ல் திருத்தணி திரும்பியதுபோல் இதுவும் திரும்புமா என்பது அடுத்த ஓலை.

இப்படியே பிரித்துக்கொண்டு போனால் எழுதி மாளாது. ஆகவே சில கிளைகளை மறுபடி ஒரே பாதையில் சேர்த்துவிடுவார்கள். தங்கவயலில் அந்த இடம் சுரங்க மூடல். எந்தக் கொடி பறந்தாலும் 10,000 அடி ஆழத்தில் செலவு ஏறும், தங்கம் குறையும். 2001 பிப்ரவரி 28-ல் விழுந்த பூட்டு எல்லாக் கிளையிலும் உண்டு, தேதிதான் முன்பின்னாகும். அந்த நாளுக்கான ஓலையில் தொழிலாளியின் நிலுவைத் தொகையும், குடியிருந்த வீடும், பெங்களூருக்கு விடியற்காலை ரயிலும் இடம்பெற வேண்டும்.