குறட்டையையும் சொல்லுங்கள்

2009இற்குப் பின் எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. யுத்தத்தின் மிச்சம் என்றே இருந்துவிட்டேன். கிளினிக்கில் அதைச் சொல்லிக் குளிசையும் பெற்றேன். குறட்டையைச் சொல்ல வெட்கம்.

மகள்தான் ஒருநாள், "அம்மா, நித்திரையில உங்களுக்கு மூச்சு நிண்டு நிண்டு வருது" என்றாள். பரிசோதித்த வைத்தியர், சில நித்திரைக் குளிசைகள் மூச்சுத்தடையைக் கூட்டக்கூடும் எனக் கூறி, அவற்றைப் படிப்படியாகக் குறைத்தார். காற்றழுத்த முகமூடியும் கிடைத்தது. அதைப் பூட்டிக்கொண்டு விழித்துக் கிடப்பதோ பெரும் ஆக்கினை! ஆகவே நித்திரையின்மைக்கும் பயிற்சி தந்தார்கள்: நித்திரை வந்தால் மாத்திரமே பாய்க்குப் போதல், வராவிட்டால் எழும்பியிருத்தல், எப்படியும் காலை 5 மணிக்கு எழும்புதல். முதலில் பகலெல்லாம் தூங்கிவழிந்தேன். 2019இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், இப்பயிற்சியை முதலில் பெற்றவர்கள் முகமூடியைக் கூடுதல் நேரம் அணிந்தனராம்.

சகோதரிகளே, வைத்தியரிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். நான் இப்போது முகமூடியுடன் 5 மணித்தியாலம் உறங்குகிறேன்.