உடைந்ததா, உடைத்தோமா?

கைப்பேசித் திரை உடைந்துவிட்டது. நூலகப் புத்தகம் தொலைந்துவிட்டது. குழுவேலைக்காகச் சேமித்து வைத்திருந்த கோப்பு அழிந்துவிட்டது.

நாம் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறோம். 'உடைத்துவிட்டேன்', 'தொலைத்துவிட்டேன்', 'அழித்துவிட்டேன்' என்று சொல்வது அரிது. உடைந்து, உடைத்து என்ற இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. மெல்லின 'ந்' இருந்த இடத்தில் வல்லின 'த்' வந்தால், அந்தச் செயலைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதும் வெளியே வந்துவிடும். நம்மைத் தயங்க வைப்பது அதுதான்.

ஏன் இந்தத் தயக்கம்?

அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957ல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு எண்ணங்கள் மனத்தில் இருக்கும்போது நாம் தவிக்கிறோம்; அந்தத் தவிப்பைக் குறைக்க வழி தேடுகிறோம் என்றார் அவர். எடுத்துக்காட்டாக, 'நான் பொறுப்பானவன்' என்பது ஓர் எண்ணம். 'நான் கவனக்குறைவாக இருந்துவிட்டேன்' என்பது மற்றோர் எண்ணம். முதல் எண்ணத்தை விட்டுக்கொடுக்க மனம் வராது. அதனால், 'இணையம் சரியில்லை', 'எனக்கு யாரும் சொல்லவில்லை' என்று காரணங்கள் முளைக்கின்றன. பிறரை நம்ப வைப்பதற்கு முன்பே நம்மை நாமே நம்ப வைத்துவிடுகிறோம்.

நோபெல் பரிசுக்குப் பிறகும்

2018ல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் அமெரிக்கப் பேராசிரியர் ஃபிரான்சஸ் ஆர்னல்ட். அடுத்த ஆண்டு அவரும் அவருடைய குழுவினரும் 'சயன்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பின்னர் அதே சோதனைகளைத் திரும்பச் செய்தபோது கட்டுரையில் சொல்லப்பட்ட முடிவுகள் கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் முக்கியச் சோதனைகள் சிலவற்றுக்கான பதிவுகளும் இல்லை.

2020 ஜனவரியில் அந்தக் கட்டுரை மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆர்னல்ட் அதை டுவிட்டரில் தாமே அறிவித்தார். அந்த அறிவிப்பில் அவர் வேறு எவரையும் கைகாட்டவில்லை. கட்டுரையை அனுப்பிய நேரத்தில் வேறு வேலைகள் இருந்ததால் தம் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று கூறி, அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அக்கட்டுரையை நம்பி மற்ற ஆய்வாளர்கள் தங்கள் நேரத்தையும் பணத்தையும் வீணாக்காமல் இருக்க அது உதவியது.

'நோபெல் பரிசு பெற்றவர் ஒப்புக்கொண்டால் பாராட்டுவார்கள். நான் ஒப்புக்கொண்டால் மதிப்பெண்தான் குறையும்' என்று ஒரு மாணவர் நினைக்கலாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், குழுப் படைப்பு ஒன்றில் தவறான எண்ணைச் சேர்த்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமையே சொல்லிவிட்டால் ஒரு ஸ்லைடை மாற்றினால் போதும். சொல்லாமல் விட்டால், அந்த எண்ணை நம்பி மற்ற மூவரும் தங்கள் பகுதியை எழுதிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஆசிரியர் கேள்வி கேட்கும்போது நால்வரும் சேர்ந்து விழிக்க வேண்டியதுதான்.

கேட்பவருக்கும் பங்கு உண்டு

'நான்தான் அழித்துவிட்டேன்' என்று ஒருவர் எழுதியதும் வாட்ஸ்அப் குழுவில் கேலிப் படங்கள் பறந்தால், அடுத்த முறை அவர் மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருந்த எவரும் வாய் திறக்க மாட்டார்கள். 'சொன்னது நல்லதாகப் போயிற்று, இப்போது என்ன செய்யலாம்?' என்று கேட்கும் குழுவில்தான் தவறுகள் சீக்கிரம் வெளியே வரும். ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

தொடக்கப் பள்ளியில் சொல்வதெழுதுதலில் பிழை வந்தால் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதித் திருத்தம் செய்தோம். அதை யாரும் பெரிய அவமானமாக நினைக்கவில்லை. அடுத்த முறை 'கோப்பு அழிந்துவிட்டது' என்று தட்டச்சு செய்யும்போது, அனுப்புவதற்கு முன் அந்தச் சொல்லையும் ஒருமுறை திருத்திப் பார்க்கலாம்.