சக்கரத்தை மடக்கும் சிறு விமானங்கள்

மலாக்கா நகருக்குச் சில கல் வடக்கே பத்து பெரெண்டாம் விமானத் தளம் இருக்கிறது. டுரியான் துங்கல் பக்கத்தில் செம்பனைக் குலை வெட்டுவோருக்கும், நகரில் கடை வைத்திருப்போருக்கும், தலைக்குமேல் வட்டமிடும் சிறு விமானங்களின் இரைச்சல் புதியதன்று. 1980-களில் மலேசிய விமானப் பயிற்சிக் கழகம் அத்தளத்தில் அமைந்தது முதல், விமானியாக விரும்பும் இளைஞர் பலர் அங்கேதான் முதன்முதலாக நிலத்தை விட்டு எழும்பியிருக்கின்றனர்.

பயிற்சிப் பள்ளிகளின் விமானங்களைக் கூர்ந்து நோக்குவோர் ஒரு வேறுபாட்டைக் காணலாம். தொடக்கப் பயிற்சிக்குரிய ஒற்றை எஞ்சின் விமானங்களில் பெரும்பாலானவை, கால்களை நீட்டியபடியே பறக்கும். மேல்நிலைப் பயிற்சிக்குரிய இரட்டை எஞ்சின் விமானங்களோ, பருந்து எழும்பியதும் கால்களை வயிற்றோடு ஒடுக்கிக் கொள்வதுபோல, தரையை விட்ட சிறிது நேரத்தில் மூன்று சக்கரங்களையும் உள்ளே மடக்கிக் கொள்கின்றன. இந்த ஏற்பாடு எதற்கு, எவ்வாறு இயங்குகிறது, அதில் எங்கே ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

சக்கரத்தை மடக்குவது காற்றுத்தடையைக் குறைப்பதற்கே. விமானத்தின் வேகம் இருமடங்கானால் காற்று தரும் தடை நான்கு மடங்காகும். உருண்டைக் குழாய்களும் டயர்களும் கீழே தொங்கிக் கொண்டிருந்தால் எஞ்சினின் உழைப்பில் ஒரு பகுதி அவற்றை இழுத்துச் செல்வதிலேயே வீணாகும். இதனை முன்னோடிகள் வெகு விரைவில் உணர்ந்தனர். 1920-ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த கார்டன் பென்னெட் போட்டிக்காக அமெரிக்கர் செய்த டேட்டன் ரைட் விமானத்தில், கைப்பிடியைச் சுற்றிச் சக்கரங்களை உடலுக்குள் இழுக்கும் ஏற்பாடு இருந்தது. 1936-இல் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து, பின்னர் பல்லாயிரவருக்குப் பயிற்சி விமானமாக விளங்கிய ஆவ்ரோ ஆன்சனிலும் அதே கைப்பிடிதான். சக்கரங்களை முழுதும் ஏற்றுவதற்கு அதனை 140 தடவைக்கு மேல் சுற்ற வேண்டும்! குறுகிய பயணமானால் வேகம் குறைந்தாலும் பரவாயில்லை என்று சக்கரத்தைக் கீழேயே விட்டுப் பறந்தோர் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரட்டை எஞ்சின் பயிற்சி விமானத்தில் இந்தத் தடைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இரண்டு எஞ்சின் இருப்பதால் ஒன்று நின்றாலும் மற்றொன்று காப்பாற்றும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். உண்மை அவ்வளவு இனிமையானதன்று. பாதி ஆற்றல் போய்விட்டால், மேலேறும் திறனில் பாதியன்று, ஏறத்தாழ முழுவதுமே போய்விடும். ஏனெனில் மட்டமாகப் பறப்பதற்கே பெரும்பகுதி ஆற்றல் செலவாகிறது, ஏற்றத்துக்கு உதவுவது எஞ்சியுள்ள மிச்சமே. முழு எடையுடன் உள்ள இலகு விமானம் ஒற்றை எஞ்சினில் நிமிடத்திற்கு இருநூறு அடி ஏறினால் அது நல்ல விமானம். நம் மலாக்காவின் நண்பகல் வெப்பத்தில் காற்று மெலிந்து அதுவும் குறையும். அந்நிலையில் சக்கரங்களும் கீழே தொங்கினால் ஏற்றம் என்பதே இராது. ஆகவே, எஞ்சின் பழுதுற்ற விமானி உடனே செய்ய வேண்டியவற்றுள் சக்கரத்தை மடக்குவதும் ஒன்று.

இனி இயங்கும் விதத்தைப் பார்ப்போம். உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் வழங்குவதும், அமெரிக்காவில் 1971 முதல் விற்பனைக்கு வந்ததுமான பைப்பர் செனகா விமானத்தை எடுத்துக் கொள்வோம். செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் கையை எண்ணெய் அழுத்தம் தூக்குவதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். இதிலும் அதே தத்துவம்தான். மின்சாரத்தால் இயங்கும் ஒரு சிறு பம்பு எண்ணெயை அழுத்திக் குழாய்களின் வழியே செலுத்துகிறது. ஒவ்வொரு காலிலும் உள்ள உருளைக்குள் எண்ணெய் புகுந்து தண்டைத் தள்ள, கால் மடங்குகிறது. பம்பு எதிர்த்திசையில் சுழன்றால் கால் இறங்குகிறது. இறக்கையின் அடியிலுள்ள இரு கால்களும் உட்புறமாகவும், மூக்குச் சக்கரம் முன்புறமாகவும் மடங்கும். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

இதில் நான் மிகவும் வியக்கும் நுட்பம் ஒன்று உண்டு. மேலே மடங்கிய சக்கரத்தைப் பிடித்து வைக்கக் கொக்கி எதுவும் இந்த விமானத்தில் இல்லை. எண்ணெயின் அழுத்தம் மட்டுமே அதனைத் தாங்குகிறது. கீழே இறங்கிய சக்கரத்துக்கோ வில்லுடன் கூடிய பூட்டு உண்டு. இதனால் விளைவது யாது? பம்பு கெட்டாலும், குழாய் வெடித்து எண்ணெய் ஒழுகினாலும், சக்கரம் மேலே சிக்கிக் கொள்வதில்லை. தன் எடையால் தானே கீழே வந்துவிடும். அவசர காலத்தில் விமானி வேகத்தைக் குறைத்து, ஒரு குமிழை இழுத்து அழுத்தத்தை விடுவிக்கிறார். கால்கள் விழுகின்றன. மூக்குச் சக்கரம் முன்னிருந்து பின்னோக்கி இறங்குவதால் எதிர்க்காற்றே அதனைத் தள்ளி உதவுகிறது. வில்லும் துணை செய்கிறது. பூட்டு விழாவிட்டால் விமானத்தை இடமும் வலமுமாக உலுக்கும்படி சில விமானங்களின் கையேடுகள் கூறுகின்றன. பழுது நேர்ந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துச் செய்த பொறியமைப்பு இது.

சக்கரம் பூட்டிக் கொண்டதை விமானி எப்படி அறிவார்? காலுக்கு ஒன்றாக மூன்று பச்சை விளக்குகள் எரியும். மூக்குச் சக்கரத்தைக் கண்ணாலும் காண்பதற்கு இடப்புற எஞ்சின் உறையின்மேல் ஒரு சிறு கண்ணாடி உண்டு. இவ்விளக்குகளைப் பற்றி ஒரு வேடிக்கையும் உள்ளது. இரவில் கண் கூசாதிருக்க, இறக்கை நுனி விளக்குகளைப் போட்டதும் இந்தப் பச்சை விளக்குகள் தாமே மங்கிவிடும். பகலில் அந்தச் சாவியை மறந்து போட்டிருந்தால், பச்சை எரிவதே தெரியாது. சக்கரம் இறங்கவில்லை என்று கலங்கி, அவசரக் குமிழ் வரைக்கும் கை போன பிறகு, ‘அந்தச் சாவியைப் பார்’ என்று ஆசிரியர் சொல்லக் கேட்ட மாணவர் பலர் இருப்பர்.

இவ்வாறு இயந்திரம் தன் கடமையைச் செய்ய, தவறுவது பெரும்பாலும் மனிதனின் கையும் கவனமும்தான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் பல, பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர் திடீரென்று வயிற்றில் விழுந்தன. விமானிகளின் கவனக்குறைவு என்றே முதலில் கருதப்பட்டது. 1943-இல் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியல் அறிஞர் விமானி அறைக்குள் அமர்ந்து பார்த்தார். சக்கரத்தின் சாவியும், இறக்கையின் பின்விளிம்பை இறக்கும் ‘ஃப்ளாப்’ சாவியும் அருகருகே ஒரே வடிவில் இருந்தன. களைத்த விமானி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தொட்டுவிட்டார்! சப்பானிஸ் செய்த பரிகாரம் எளியது. சக்கரப் பிடியில் ஒரு சிறு ரப்பர் சக்கரத்தையும், ஃப்ளாப் பிடியில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் பொருத்தினார். கண் பாராவிட்டாலும் விரல் அறியும். இன்றைய விமானங்களிலும் சக்கரப் பிடி சக்கர வடிவிலேயே இருப்பதன் வரலாறு இதுவே. தரையில் நிற்கையில் காலின் தண்டு அழுந்தியிருந்தால் சக்கரத்தை மடக்க விடாத காவல் சாவியும் உண்டு. ஆனால் ஓடுபாதையில் விமானம் சற்றே துள்ளினால் தண்டு நீண்டு, அந்தக் காவலும் தளர்ந்துவிடும். அதை நம்பிப் பிடியைத் தொடுவது மடமை.

மற்றொரு தவறு மறதி. சக்கரத்தை இறக்காமலே தரையில் அமர்வது. உயிர்ச்சேதம் அரிது; ஆனால் சுழல்விசிறிகள் இரண்டும் தரையில் அடிபட்டு வளையும், இரு எஞ்சின்களையும் பிரித்துச் சோதிக்க நேரும். இதைத் தடுக்கத்தான் எச்சரிக்கை ஒலி இருக்கிறது. சக்கரம் மேலே இருக்கையில் ஏதேனும் ஓர் எஞ்சினின் ஆற்றலை மிகக் குறைத்தால் போதும், செனகாவில் அது அலறும்.

பயிற்சி விமானத்தின் விபரீதம் இங்கேதான் தோன்றுகிறது. ஒற்றை எஞ்சினில் பறக்கக் கற்பிக்க, ஆசிரியர் ஓர் எஞ்சினைத் தணித்து வைக்கிறார். உடனே ஒலி எழுகிறது; பயிற்சி நீளுமளவும் அது காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஆலைக்கருகில் குடியிருப்போர்க்கு அதன் இரைச்சல் கேளாதது போல, மாணவன் காதுக்கு அது சற்று நேரத்தில் கேளாமற் போகிறது. அத்துடன், வழக்கமாக ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் வரும்போதே இறக்க வேண்டிய சக்கரத்தை, ஒற்றை எஞ்சினில் வரும்போது தள்ளிப் போடுவது உண்டு. முன்பே இறக்கினால் தடை கூடி, ஓடுபாதையை எட்டாமல் தாழ்ந்துவிடக் கூடும். மீண்டும் மேலே எழவும் இயலாது. எனவே, தரையிறங்குவது உறுதியாகும் வரை காத்திருக்கிறான். அதற்குள் ஒரு காலால் சுக்கானை அழுத்தி விமானத்தை நேராக்க வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், வேகமானியை விட்டுக் கண் அகலக் கூடாது. பழகிய இடத்தில் செய்யாத வேலை, வேறிடத்தில் நினைவுக்கு வராமலே போகலாம். எஞ்சின் நின்றபோது உயிர் காக்கும் அதே மடங்கிய சக்கரம், மறக்கப்படுவதும் அந்த வேளையிலேயே.

அதனால்தான் ஆசிரியர்கள் ஒரே தடவை பார்த்து நிறுத்த விடுவதில்லை. சக்கரத்தை இறக்கும்போது ஒரு முறை, ஓடுபாதையை நோக்கித் திரும்பியதும் ஒரு முறை, தரையைத் தொடுமுன் மற்றொரு முறை, விளக்குகளை விரலால் சுட்டி, ‘மூன்று பச்சை’ என்று வாய்விட்டுச் சொல்ல வைக்கின்றனர். நடுவே வானொலி குறுக்கிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் சரிபார்ப்பை முதலிலிருந்தே தொடங்கச் சொல்கின்றனர். பத்து பெரெண்டாம் போன்ற தளத்தின் வேலிக்கு வெளியே நிற்கும் நமக்கு அக்குரல் கேட்காது. ஆனால் இறங்க வரும் விமானத்தின் அடியில் மூன்று கால்களும் நீண்டிருப்பதை நாமும் எண்ணிப் பார்க்கலாம்.