பிளாஷ் போட்டும் பாட்டி ஏன் இருட்டில்?

நம் வீடுகளில் சஷ்டியப்தபூர்த்தி, வளைகாப்பு, நவராத்திரி கொலு என்று ஏதாவது ஒரு விசேஷம் வந்துகொண்டேதான் இருக்கிறது. போட்டோவுக்கும் குறைவில்லை. ஆனால் மாலை வேளையில் எடுத்த படங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். முன்னால் நிற்பவர் முகம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருக்கும். இரண்டாவது வரிசை மங்கலாக இருக்கும். சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டி இருட்டோடு இருட்டாகிவிட்டிருப்பார். பத்து வருஷம் கழித்து நாம் தேடப்போவது அந்தப் பாட்டியின் முகத்தைத்தான்.

விலை உயர்ந்த காமிரா வாங்கினாலும் இந்தக் குறை தானாகத் தீராது. காரணம் காமிராவில் இல்லை, வெளிச்சத்தின் இயல்பில் இருக்கிறது. எங்கள் காலத்து டிப்ளமா படிப்பில் பௌதிகப் பாடத்தில் வந்த விதிதான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால்பங்காகிவிடும். நான்கு மடங்கானால் பதினாறில் ஒரு பங்கு. காமிராவிலிருந்து 2 மீட்டரில் மாப்பிள்ளை நிற்கிறார், 4 மீட்டரில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார் என்றால், மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் பிளாஷ் வெளிச்சத்தில் கால்பங்குதான் பாட்டிக்கு.

ஒவ்வொரு பிளாஷுக்கும் 'கைடு நம்பர்' என்று ஓர் எண் உண்டு. அதை அபர்ச்சர் எண்ணால் வகுத்தால் பிளாஷ் எட்டும் தூரம் வந்துவிடும். காமிராவோடு சேர்ந்து வரும் சிறிய பிளாஷின் கைடு நம்பர், ஐ.எஸ்.ஓ. 100-ல் 12 என்று வைத்துக்கொள்வோம். அபர்ச்சர் எஃப் 4 என்றால் 12-ஐ 4-ஆல் வகுக்க, 3 மீட்டர். அவ்வளவுதான் அதன் எல்லை. ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் கைடு நம்பர் இரண்டு மடங்காகி, அதே பிளாஷ் 6 மீட்டர் வரை எட்டும்.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் தளேகாவிலிருந்து லோணாவளா லோக்கலில் ஏறுங்கள். வடகாவ், கான்ஹே, காம்ஷேத் தாண்டி மளவலியில் இறங்கினால் கார்லா குகைகளுக்குப் போகலாம். சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் பாறையைக் குடைந்து செய்த பெரிய சைத்திய மண்டபம் அங்கே இருக்கிறது. இருபுறமும் தூண் வரிசை, கடைக்கோடியில் ஸ்தூபி. வருகிறவர்களில் பலர் வாசலில் நின்றபடியே பிளாஷைத் தட்டுகிறார்கள். ஸ்தூபி இருபது மீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. 24 மீட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், 3 மீட்டர் எட்டும் பிளாஷைப்போல் 64 மடங்கு வெளிச்சம் வேண்டும்! படத்தில் விழுவது அருகிலுள்ள தூணும், முன்னால் போகிறவரின் முதுகும்தான். அந்த மண்டபத்தைக் குடைந்தவர்கள் வாசலுக்கு மேலே லாட வடிவில் பெரிய சாளரம் வைத்து, அதன் வழியே வெளிச்சத்தை உள்ளே விட்டிருக்கிறார்கள். பிளாஷை அணைத்துவிட்டு, கை ஆடாமல் ஷட்டரை அதிக நேரம் திறந்துவைத்தால் அந்த வெளிச்சமே போதும். (அஜந்தாவில் ஓவியங்களைக் காப்பதற்காகப் பிளாஷுக்குத் தடையே இருக்கிறது.)

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. பிளாஷ் போட்டு எடுக்கும் ஒரு படத்தில் உண்மையில் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று பிளாஷ் வெளிச்சத்தில் பதிவது, மற்றது அறையில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சத்தில் பதிவது. பிளாஷ் ஆயிரத்தில் ஒரு விநாடி அளவில் மின்னி மறைந்துவிடும். ஷட்டர் 1/125 விநாடி திறந்திருந்தாலும் 1/15 விநாடி திறந்திருந்தாலும் பிளாஷுக்கு ஒன்றுதான். ஆனால் அறை விளக்கின் வெளிச்சம், ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஆகவே அபர்ச்சர் இரண்டு வெளிச்சத்தையும் ஆளும், ஷட்டர் அறை வெளிச்சத்தை மட்டும் ஆளும். பின்னணி இருட்டாக இருக்கிறதா? அபர்ச்சரைத் தொட வேண்டாம், ஷட்டரை மெதுவாக்குங்கள்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஹரால்ட் எட்ஜர்டன், துப்பாக்கிக் குண்டு ஆப்பிளைத் துளைத்துக்கொண்டு போவதை 1964-ல் படமெடுத்துக் காட்டினார். இருட்டறையில் ஷட்டர் திறந்தே இருந்தது. பிளாஷ் மின்னிய அந்தக் கணம்தான் படமாயிற்று.

மெதுவாக்குவதற்குத் தடையில்லை, வேகமாக்குவதற்குத்தான் வரம்பு உண்டு. எஸ்.எல்.ஆர். காமிராக்களில் ஷட்டருக்கு இரண்டு திரைகள். ஒரு வேகத்துக்கு மேல் போனால், முதல் திரை முழுவதும் விலகுமுன்பே இரண்டாவது திரை மூடத் தொடங்கிவிடும். அப்போது பிளாஷ் போட்டால் படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். பழைய பென்டாக்ஸ் கே 1000-ல் இந்த வரம்பு 1/60. இன்றைய காமிராக்கள் பலவற்றில் 1/200 அல்லது 1/250.

கார்த்திகை தீபத்தை எடுத்துக்கொள்வோம். பால்கனியில் அகல் வரிசை, அருகே பேத்தி. பிளாஷை முழு பலத்தில் விட்டால் விளக்கின் பொன்னொளி போய், பகலில் எடுத்தாற்போல் ஆகிவிடும். ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 4, ஷட்டர் 1/15 என்று வைத்து, பிளாஷின் அளவை இரண்டு படி குறைத்து எடுத்துப் பாருங்கள். சுடரும் தெரியும், முகமும் தெரியும். ஒன்று, இரண்டு எண்ணும்வரை பேத்தி அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் விளக்கொளியில் நிழல்போல் ஒரு கோடு விழும். கூடத்தில் மின்விளக்கு எரியும்போது ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 4, 1/30 என்று தொடங்கலாம். பிறகு பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

குரூப் போட்டோவுக்கு இன்னொரு வழி உண்டு, செலவே இல்லாதது. வரிசைக்குப் பின் வரிசையாக நிறுத்தாமல், காமிராவைச் சுற்றி அரைவட்டமாக நிறுத்துங்கள். எல்லோரும் 3 மீட்டரில் இருந்தால் எல்லோருக்கும் ஒரே வெளிச்சம். மேல்தளம் வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால், தனி பிளாஷை மேல் நோக்கித் திருப்பலாம். வெளிச்சம் கூரையில் பட்டுப் பரவி இறங்கும். பலம் வெகுவாகக் குறையும் என்பதால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

செல்போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இருப்பது பெரும்பாலும் சிறிய எல்.இ.டி. விளக்குதான். ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் அதை நம்ப வேண்டாம். நம் தளேகாவ் மழையில் பிளாஷ் போட்டால், லென்ஸுக்கு அருகில் விழும் துளிகளெல்லாம் வெள்ளைப் பொட்டுகளாகப் பதியும். ரயில்வேயில் சுரங்கங்களைப் படமெடுக்கும்போது தூசி இதே வேலையைச் செய்யும். விளக்கைக் காமிராவிலிருந்து தள்ளி, பக்கவாட்டில் பிடிப்பதே நல்லது.

அடுத்த விசேஷத்துக்கு முந்தின நாள் வீட்டிலேயே நாலு படம் எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள். பாட்டியின் நாற்காலியையும் சுவரோரத்திலிருந்து இரண்டடி முன்னால் இழுத்துப் போடுங்கள். எந்தக் காமிராவுக்கும் அது பொருந்தும்.