காரின் ஒலி அமைப்பை மேம்படுத்துதல்

கார் வாங்கும்போது நிறுவனமே பொருத்தித் தரும் ஸ்பீக்கர்களை மாற்றியோ, அவற்றோடு ஆம்ப்ளிஃபயர், சப்ஊஃபர் போன்றவற்றைச் சேர்த்தோ ஒலியின் தரத்தை உயர்த்துவதே காரின் ஒலி அமைப்பை மேம்படுத்துதல் எனப்படுகிறது. இந்தியச் சாலைகளில் மிகுதியாக ஓடும் நான்கு கதவுச் சிறிய கார்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. ஸ்பீக்கரை மட்டும் மாற்றியவர்கள் பலர் ஏன் ஏமாற்றம் அடைகிறார்கள், எந்த வரிசையில் செய்தால் கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைக்கும், எந்த இடத்தில் கவனக்குறைவு தீ விபத்தில் கொண்டுபோய் விடும் என்பவற்றை இங்குக் காணலாம். பள்ளியில் படித்த ஓம் விதியும் அலைநீளச் சூத்திரமும் நினைவில் இருந்தால் போதும். மற்றவை தாமே விளங்கிவிடும்.

சிறு வரலாறு

காந்தப் புலத்தில் வைத்த கம்பிச் சுருள் ஒரு கூம்பை அசைக்க, அதிலிருந்து ஒலி பிறக்கும் இன்றைய ஸ்பீக்கரின் வடிவத்தை 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் ஆகிய இருவரும் விளக்கினர். ஐந்து ஆண்டுகளில், 1930இல், சிகாகோவில் கால்வின் சகோதரர்களின் நிறுவனம் காருக்கான வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த வானொலிக்கு இட்ட மோட்டோரோலா என்னும் பெயரே பிற்காலத்தில் நிறுவனத்தின் பெயராகவும் ஆயிற்று. ஆனால் கார் உள்ளறையின் வடிவத்துக்கும் இருக்கைகளுக்கும் ஏற்ப ஒலியைத் திட்டமிடும் வழக்கம் வெகுகாலம் கழித்தே வந்தது. 1983ஆம் ஆண்டு மாடல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் சிலவற்றில் போஸ் நிறுவனம் அமைத்த ஒலி அமைப்பு இதற்கு முன்னோடியானது.

நிறுவன ஸ்பீக்கரின் இயல்பு

சிறிய கார்களில் வருபவை பெரும்பாலும் காகிதக் கூம்பும் சிறு காந்தமும் கொண்ட 6.5 அங்குல ஸ்பீக்கர்கள். விலையும் எடையும் குறைவாக இருக்கவேண்டும் என்பதே உற்பத்தியாளரின் முதல் நோக்கம். இதனால் ஆழ்ந்த தவில் ஒலியும், ஜால்ராவின் மெல்லிய சிலிர்ப்பும் ஒருங்கே தெளிவாக வருவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் குரல் கரகரக்கிறது.

ஆயினும் இந்த எளிய காகிதக் கூம்புக்கு ஒரு நற்குணம் உண்டு. அது லேசானது, குறைந்த மின்திறனிலேயே நன்றாக அசையும். ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளக்கும் ஒலிமட்டமே அதன் உணர்திறன் ஆகும். இது டெசிபலில் குறிக்கப்படும். 3 டெசிபல் வேறுபாடு என்பது மின்திறனில் இரு மடங்கு. அதாவது 91 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கர் 20 வாட்டில் தரும் ஒலியை, 88 டெசிபல் ஸ்பீக்கர் தர 40 வாட் வேண்டும். கடையில் பார்க்கக் கம்பீரமாக இருக்கும் கனமான ஸ்பீக்கர்களில் பல, உணர்திறன் குறைந்தவை. அவற்றை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் பழைய ஸ்டீரியோவிலேயே இணைத்தால், முன்பைவிடச் சத்தம் குறைந்துவிட்டதே என்று தோன்றும். ஸ்பீக்கர் பழுதில்லை; அதற்கு வேண்டிய தீனி கிடைக்கவில்லை.

வாட் கணக்கு

அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் எண்தான் வாங்குவோரை மிகுதியும் திசைதிருப்புவது. ஸ்டீரியோவின் மேல் ‘4 × 50 வாட்’ என்று இருக்கும். இதை நாமே சரிபார்க்கலாம். இஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் அதிகபட்சம் 14.4 வோல்ட் என்று கொள்வோம். ஸ்பீக்கரின் மின்மறுப்பு பொதுவாக 4 ஓம். திறன் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை. 14.4 × 14.4 ÷ 4 = ஏறத்தாழ 52 வாட். ஆனால் இந்த அளவு வருவது அலை முழுவதும் உச்சத்திலேயே தட்டையாக நிற்கும்போது, அதாவது ஒலி முற்றிலும் சிதைந்திருக்கும்போது மட்டுமே. சீரான சைன் அலைக்கு இதில் பாதி, 26 வாட். உள்சுற்றில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் ஒரு ஸ்பீக்கருக்குச் சுமார் 20 வாட் தேறும்.

ஆகவே பெட்டியில் ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறித்த எண்ணை மட்டுமே பார்க்க வேண்டும். ‘பீக்’, ‘மேக்ஸ்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டவற்றை விளம்பரமாகவே கருதலாம்.

இதே கணக்கு வேறொன்றையும் விளக்குகிறது. சிறிய ஆம்ப்ளிஃபயரை அளவுக்கு மீறி முடுக்கினால் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. அப்போது வெளிவரும் திறன் இரு மடங்கை நெருங்குகிறது. அதில் உயர் அதிர்வெண்களும் மிகுகின்றன. மெல்லிய கம்பிச் சுருள் கொண்ட ட்வீட்டர்கள் எரிந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

கதவே ஸ்பீக்கர் பெட்டி

வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது. காரில் அந்தப் பெட்டியின் வேலையைச் செய்வது கதவு. என் கருத்தில் முதல் செலவு இங்கேதான் செய்யப்பட வேண்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் பலரும் இதைத் தவிர்க்கிறார்கள்.

கூம்பு முன்னோக்கி நகரும்போது முன்னால் உள்ள காற்று அழுத்தப்படுகிறது. அதே நொடியில் பின்னால் உள்ள காற்றின் அழுத்தம் குறைகிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 343 ÷ 80, அதாவது 4 மீட்டருக்கும் மேல். இவ்வளவு நீண்ட அலை, கதவின் உள்தகட்டில் இருக்கும் கையகலத் துளைகள் வழியே எளிதாக வளைந்து முன்பக்கம் வந்துவிடும். அதன் விளைவாகத் தாழ்ந்த சுருதிகள் கரைந்துபோகின்றன. விலையுயர்ந்த ஸ்பீக்கர் போட்டும் ‘பேஸ்’ வரவில்லை என்பவர்களின் காரில், டோர் பேடைக் கழற்றிப் பார்த்தால் இந்தத் துளைகள் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மட்டுமே மூடப்பட்டிருக்கும்.

இதற்குத் தீர்வு எளிது. கதவின் வெளித்தகட்டின் உட்புறத்தில் அதிர்வைத் தணிக்கும் டேம்பிங் ஷீட்டை ஒட்டி, ரோலரால் நன்கு அழுத்த வேண்டும். பின் உள்தகட்டின் துளைகளை மூட வேண்டும். பெரிய துளைகளுக்கு முதலில் ஒரு தகட்டைத் திருகி, அதன்மேல் ஷீட்டை ஒட்டுவது நிலைக்கும். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் இடையே ஃபோம் வளையம் வைத்தால் காற்றுக் கசிவு நிற்கும். இவ்வளவும் செய்தபின் பழைய ஸ்பீக்கரையே திரும்ப மாட்டிக் கேட்டுப் பாருங்கள். சிலருக்கு அதுவே போதும் என்று தோன்றக்கூடும்.

நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற சில எச்சரிக்கைகள் உண்டு. தார் கலந்த மலிவு ஷீட்டுகள் சித்திரை வெயிலில் இளகி வழியும், வாடையும் அடிக்கும். பியூட்டைல் ரப்பர் ஷீட்டுகளே மேல். மழைநீர் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கி, அடிப்பகுதியில் உள்ள வடிகால் துளைகள் வழியே வெளியேறும்படிதான் கார்கள் அமைக்கப்பட்டுள்ளன. அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையம் எம்.டி.எஃப். பலகையால் ஆனது என்றால் ஈரத்தில் ஊதிவிடும்; கெட்டி பிளாஸ்டிக் வளையம் நல்லது. இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் ஏர்பேக் சென்சார் கதவினுள்ளேயே இருக்கும். கதவுக்குள் உண்டாகும் காற்றழுத்த மாற்றத்தைக் கொண்டே அது மோதலை அறிகிறது. அத்தகைய காரில் கதவைத் துளையிடுவதோ வெட்டுவதோ துளைகளை அடைப்பதோ கூடாது. சர்வீஸ் மையத்தில் கேட்டறிந்த பின்பே கதவில் கை வைக்க வேண்டும்.

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தல்

கோஆக்சியல் வகையில் ஊஃபரின் நடுவிலேயே ட்வீட்டர் அமர்ந்திருக்கும். மாட்டுவது எளிது, விலையும் குறைவு. பின் கதவுகளுக்கு இது தாராளமாகப் போதும். கம்போனென்ட் வகையில் ஊஃபர் கதவிலும், ட்வீட்டர் தனியாக டேஷ்போர்டு மூலையிலோ கண்ணாடியை ஒட்டிய தூணிலோ இருக்கும். ஒலியைப் பிரித்து அனுப்பக் கிராஸ்ஓவர் என்னும் சிறு பெட்டியும் உண்டு. முன் கதவுகளுக்கு இதுவே ஏற்றது. காரணம் மீண்டும் அலைநீளம்தான். 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 9 செ.மீ. கூட இல்லை. அது நேர்க்கோட்டில் செல்லும். முழங்காலோ இருக்கையோ குறுக்கிட்டால் தடைபடும். கால் மட்டத்தில் உள்ள ஸ்பீக்கரிலிருந்து அது காதை எட்டுவது கடினம்.

வாங்கும் முன் ஸ்பீக்கரின் ஆழத்தை அளக்க வேண்டும். காந்தம் பெரிதாக இருந்தால் கண்ணாடியை இறக்கும்போது அதில் இடிக்கும். நிறுவன வயரை வெட்டாமல், அந்தக் காருக்கென்றே கிடைக்கும் கப்ளர் வழியாக இணைப்பது வாரண்டி பற்றிய வாக்குவாதங்களைக் குறைக்கும். நேர், எதிர் முனைகள் நான்கு கதவுகளிலும் ஒரே முறையில் அமைய வேண்டும். ஒரு கதவில் மாறிப்போனாலும் அக்கூம்பு எதிர்த்திசையில் அசைந்து பேஸைக் குறைத்துவிடும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் வயரில் 1.5 வோல்ட் டார்ச் செல்லை ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: செல்லின் நேர்முனை ஸ்பீக்கரின் நேர்முனையில் பட்டால் கூம்பு வெளியே தள்ளும்.

பின்புற டிரேயில் 6 × 9 அங்குல ஸ்பீக்கர்களை வைக்கும் வழக்கம் நம்மிடையே பெருவழக்காக இருக்கிறது. இசை முதுகுப்புறமிருந்து வருவது ஒருபுறம் இருக்கட்டும். சரியாகப் பிணைக்கப்படாத டிரே, திடீரென பிரேக் போடும்போது பின்னிருக்கையில் இருப்பவர்களின் தலையை நோக்கிப் பாயும்.

ஆம்ப்ளிஃபயரும் மின்வயரும்

இன்றைய தொடுதிரை ஸ்டீரியோக்களை எளிதில் மாற்ற முடிவதில்லை. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சமிக்ஞையை எடுத்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர்களைப் பயன்படுத்தலாம்.

இனி வருவதை நிதானமாகப் படிக்கவும். ‘டி’ வகை ஆம்ப்ளிஃபயர் மொத்தம் 400 வாட் தருகிறது, அதன் பயனுறுதிறன் 80 சதவீதம் என்று கொள்வோம். அது எடுக்கும் திறன் 500 வாட். 13.8 வோல்ட்டில் மின்னோட்டம் சுமார் 36 ஆம்பியர். பேட்டரியிலிருந்து பின்புறம் வரை 5 மீட்டர் வயர் வேண்டும். 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் இத்தொலைவுக்கு மின்தடை ஏறத்தாழ 0.034 ஓம். மின்னழுத்த இழப்பு 1.2 வோல்ட்; வயரில் வெப்பமாக மாறுவது 44 வாட். கம்பளத்துக்கு அடியில் ஒரு சிறு சூடேற்றியை வைத்தது போல. 8 சதுர மி.மீ. வயரானால் இழப்பு 0.4 வோல்ட்டுக்கும் குறைவு. கடையில் இதை 8 கேஜ் என்பார்கள். கேஜ் எண் குறையக் குறைய வயரின் தடிமன் கூடும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் மின்தடை அதிகம் என்பதால் ஒரு படி தடித்ததை வாங்க வேண்டும்.

கார் பேட்டரி குறுக்குச் சுற்றின்போது பல நூறு ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரவல்லது. வயரின் உறை உராய்ந்து கிழிந்து காரின் உடலைத் தொட்டால், சில நொடிகளில் வயர் பழுத்து அருகிலுள்ள பிளாஸ்டிக் தீப்பற்றும். இதைத் தடுப்பது ஃபியூஸ் ஒன்றே. அது பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது ஆம்ப்ளிஃபயரை மட்டுமே காக்கும். நடுவில் ஓடும் 5 மீட்டர் வயர் பாதுகாப்பின்றிக் கிடக்கும். மேற்கண்ட கணக்குக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். அது அடிக்கடி போகிறது என்று பெரியதைப் போடுவதும், கம்பியைச் சுற்றிவிடுவதும் தீயை அழைப்பதாகும். இஞ்சின் பகுதியிலிருந்து உள்ளே வரும் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம்.

எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய வெறும் உலோகத்தில் இறுக்க வேண்டும். இது தளர்ந்திருந்தால் இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ஙொய்’ என்ற ஓசை ஸ்பீக்கரில் வரும். பேட்டரி வயரும் சமிக்ஞை வயரும் காரின் எதிரெதிர்ப் பக்கங்களில் செல்வதும் இதற்காகத்தான். ஆம்ப்ளிஃபயரை இயக்கும் மெல்லிய ‘ரிமோட்’ வயரை நேராகப் பேட்டரியில் இணைத்துவிட்டால் அது அணையவே அணையாது. சில நாள் நிறுத்திவைத்த கார் காலையில் கிளம்பாது. மின்சாரக் கார்களிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக உண்டு. ஆரஞ்சு நிற உறையிட்ட உயர் அழுத்தக் கேபிள்களின் அருகே பயிற்சி இல்லாதவர் செல்லவே கூடாது.

சப்ஊஃபரும் தாமதத் திருத்தமும்

இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறு சப்ஊஃபர் குடும்பக் காருக்குப் போதுமானது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை அதனிடம் விட்டு, கதவு ஸ்பீக்கர்களை அந்தச் சுமையிலிருந்து விடுவித்தால் குரல் மிகத் தெளிவாகும்.

நம் கார்களில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால் வலக்கதவின் ஒலி முதலில் அவரை எட்டும். இடக்கதவு 60 செ.மீ. கூடுதல் தொலைவில் இருந்தால் தாமதம் ஏறத்தாழ 1.75 மில்லி நொடி. அவ்வளவே போதும், பாடகர் வலக்கதவில் ஒட்டிக்கொண்டு பாடுவது போல் தோன்ற. டி.எஸ்.பி. என்னும் எண்முறைச் செயலி வலப்புற ஒலியை அதே அளவு தாமதப்படுத்திப் பாடகரை நடுவுக்குக் கொண்டுவருகிறது. பண்பலை வானொலியே கேட்பவர் இதற்கெல்லாம் பெரிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை; அதில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியே வருவதில்லை.

செவிப் பாதுகாப்பு

வாரத்தில் 40 மணி நேரத்துக்குப் பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள பாதுகாப்பான கேட்டல் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி, 89க்கு 5 மணி. சிதைவற்ற ஒலி உரத்துக் கேட்டாலும் உறுத்துவதில்லை என்பதால், நல்ல அமைப்பில்தான் இந்த எல்லையை அறியாமலே தாண்டிவிடுகிறோம். ஆம்புலன்ஸின் சைரன் காதில் விழாத அளவுக்கு வைத்து ஓட்டுவது பிறர் உயிரோடும் தொடர்புடையது.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற இடங்களில் இவ்வேலைகளைச் செய்து தரும் கடைகள் பல உள்ளன. வேலை முடிந்ததும் பேட்டரி அருகே ஃபியூஸ் இருக்கிறதா என்று பானட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஸ்பீக்கர்களையும் திருகுகளையும் கேட்டு வாங்கி, எந்தக் கதவுக்குரியது என்று எழுதி ஒட்டி வையுங்கள். காரை விற்கும்போது அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டுப் புதியவற்றை அடுத்த காருக்கு எடுத்துச் செல்லலாம்.