தரைக்குள்ளே புகைபோக்கி!

புகை மேலே போவதுதான் உலக வழக்கம். அதைத் தரைக்குள் இறக்கி வெளியே அனுப்ப முடியுமா? முடியும், சகோதரிகளே! ஆனால் தரை மூடுவதற்கு முன்பே யோசித்துச் செய்ய வேண்டும்.

இப்போது புது வீடு கட்டுகிறவர்களில் சிலர், அடுப்பு மேடையைச் சுவரோரம் வைக்காமல் சமையலறையின் நடுவே தீவு போல அமைக்கிறார்கள். 'ஐலண்ட் கிச்சன்' என்று அதற்குப் பெயர். நாலு பேருடன் பேசிக்கொண்டே சமைக்கலாம், சௌகரியந்தான். ஆனால் மிளகாய் தாளிக்கும் நெடியும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளுமே! தலைக்கு மேல் சிம்னி தொங்குவது பிடிக்காதவர்களுக்காக, அடுப்பின் பக்கத்திலேயே புகையைக் கீழ்நோக்கி இழுக்கும் கருவிகள் வந்திருக்கின்றன.

இது வெறும் அலங்கார விஷயமல்ல. அதிகச் சூட்டில் பொரிக்கும்போது எழும் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2010-ல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியிருக்கிறது. அடுப்படியில் அதிக நேரம் நிற்பது யார்? நாம்தானே!

சரி, கொத்தனாரிடம் என்ன சொல்வது?

அளவு: கருவியுடன் வரும் குறிப்பேட்டில் உள்ள அளவையே போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் 6 அங்குல வட்டக் குழாய், அல்லது 220 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் உயரமும் உள்ள தட்டைக் குழாய். "கையில் 4 அங்குலக் குழாய் இருக்கிறதே, அம்மா!" என்றால் சம்மதிக்காதீர்கள். காற்று போகும் வழி பாதிக்கும் கீழே குறைந்துவிடும். விசிறி இரைச்சல் போடுமே தவிர, புகை போகாது.

பாதை: கூடியவரை குறுகிய வழியாக, நேராக இருக்கட்டும். ஒவ்வொரு முழங்கை வளைவும் இழுப்பைக் குறைக்கும். உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும். மடிப்பு மடிப்பான குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும்.

சரிவு: நீராவி குழாய்க்குள் குளிர்ந்து தண்ணீராகும். அது வெளியே வடியும்படி சற்றே சரிவு வேண்டும். வாய்ப்பகுதி மழைநீர் ஏறாத உயரத்தில் இருக்கட்டும். காற்று போகும்போது மட்டும் திறக்கும் மூடியும் அவசியம். இல்லாவிட்டால் கரப்பானுக்கு ராஜபாட்டை!

சோதனை: மூடுவதற்கு முன் விசிறியை ஓடவிட்டு, அடுப்பருகே ஊதுவத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே இழுக்கப்படுகிறதா? பிறகு ஒவ்வொரு இணைப்பருகிலும் காட்டுங்கள். அங்கே புகை அசைந்தால் கசிவு உண்டு. குழாய் செல்லும் வழியைச் செல்போனில் படமெடுத்து வையுங்கள். பின்னால் யாராவது தரையைத் துளைக்கும்போது உதவும்.

மாடிக் குடித்தனக்காரர்கள் இதற்காகக் கான்கிரீட் தளத்தை வெட்ட இடங்கொடாதீர்கள். உள்ளே கம்பி இருக்கிறது. கீழ்வீட்டாரின் கூரையும் அதுதான். கரி வடிகட்டி வைத்த கருவி வாசனையை ஓரளவு குறைக்கும்; ஆனால் நீராவியும் சூடும் அறையிலேயே தங்கும்.

இன்னொன்று: உயரமான இட்லிப் பானையின் ஆவி, கீழே இழுக்கும் கருவிக்கு எளிதில் அகப்படாது. ஆகவே ஜன்னல் ஒன்றைத் திறந்து வையுங்கள். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டாமா? எண்ணெய் வடிகட்டியையும் அடிக்கடி வெந்நீரில் கழுவி வந்தால், புதைத்த குழாய் நெடுநாள் உங்களுக்கு உழைக்கும்.